மலைமேல் இரண்டு பெட் ஸ்பேஸ்

"என் ரூம் எங்கே?" என்று கேட்டேன். விடுதிக்காரி எத்தேரி நான்காம் எண் கட்டிலைக் காட்டினாள். நான் விளங்காதவள் போல மறுபடியும் கேட்டேன். அவளும் நான் விளங்காதவள் என்றே முடிவு செய்து, கட்டிலை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள். அந்த அறையில் ஆறு கட்டில்கள். கீழே மூன்று, அவற்றின் மேல் மூன்று. ஒன்றில் ஒரு வெள்ளைக்காரம்மா குப்புறப்படுத்து, ஜார்ஜியா நாட்டு மலை அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எப்படி வந்தேன், விசா எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் என் மகள் சுமையாவுக்கும் அவளுடைய லேப்டாப்புக்கும்தான் தெரியும். எதற்கு வந்தேன் என்பதை நான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் சீனி முகம்மது குவைத்தில் இருக்கிறார். கல்யாணமான மூன்றாம் மாதம் போனவர். இப்போது எங்கள் மகளுக்கே கல்யாணமாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர் புதுமடத்துக்கு வருவார். வந்தால் என் மாமி, நாத்தனார்மார், அவர்கள் பிள்ளைகள் என்று வீடு நிறைந்துவிடும். பெட்டி பிரிக்க ஒரு கூட்டம் வரும், பிரித்ததில் தனக்கு வரவில்லை என்று சொல்ல இன்னொரு கூட்டம் வரும். அப்புறம் விருந்து, நிக்காஹ், மௌத்து வீட்டுத் துக்க விசாரிப்பு. போன தடவை அவர் ஊரில் இருந்த நாட்களில் நாங்கள் தனியாகப் பேசியது பக்கத்து உச்சிப்புளிக்குப் பைக்கில் போய்வருகையில் மட்டும்தான். அதிலும் பாதிப் பேச்சைக் கடற்காற்று கொண்டுபோய்விடும். நான் பின்னாலிருந்து "என்னா?" என்பேன். அவர் முன்னாலிருந்து "என்னா?" என்பார். அதற்குள் வீடு வந்துவிடும்.

இந்த வருடம் அவருக்கு ஒரே வாரம்தான் லீவு. "ஒரு வாரத்துக்கு ஊருக்கு வந்தா ஸலாம் சொல்லி முடிக்கவே பத்தாது பரக்கத்து. நம்ம ஆளு ஒருத்தரும் இல்லாத எடமாப் பாத்து நீ வா, நானும் வாரேன்" என்றார். என் பெயர் பரக்கத் நிஷா. அவர் வேலை செய்யுமிடத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இந்த மலையைச் சொல்லியிருக்கிறார். மாமியிடம், சென்னையில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய்தான். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மலைக்கு ஏறிய ஜீப்பில் பாதி உயிர் போனது. வளைவுக்கு ஒரு சிலுவை நட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மூன்று முறை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார். எங்கள் பக்கத்து பஸ் டிரைவரும் ஏர்வாடி பக்கம் போகையில் தர்காவைப் பார்த்து நெற்றியைத் தொடுவார். ஆனால் அந்த ரோடு நேராக இருக்கும், வலது பக்கம் அதலபாதாளம் இருக்காது. நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன். அவர் சாமியும் என் துஆவும் சேர்ந்து எப்படியோ கொண்டுவந்து சேர்த்தன.

கட்டிலைப் பார்த்த கோபத்தோடு போன் போட்டேன். அவர் அப்போதுதான் விமானம் இறங்கி, மலையடிவாரத்துச் சிற்றூருக்கு வந்துகொண்டிருந்தார்.

"மச்சான், என்னா புக் பண்ணி வச்சிருக்கீங்க? இங்கன ஆறு கட்டில் கெடக்கு."

"ஆமா, ரெண்டு பெட்டு போட்டேன். ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மெத்தையெல்லாம் நல்லா இருக்கும்னு போட்டிருந்துச்சே."

"எனக்குப் பொம்பளைக ரூம்ல. ஒங்களுக்குக் கீழ ஆம்பளைக ரூம்ல."

"அப்படியா போட்டிருந்துச்சு?" என்றார். "தங்குற எடம்னா பெட்டுதானே புள்ள பாக்கணும்?"

எனக்கு ஏசத்தான் வாய் வந்தது. ஆனால் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிய ஊர்க்காரர்களுக்கு இது விளங்கும். அங்கே தனியாளாக இருக்கிறவர்கள் அறையை வாடகைக்குப் பிடிப்பதில்லை, அறைக்குள் ஒரு கட்டிலைத்தான் பிடிப்பார்கள். பெட் ஸ்பேஸ் என்பார்கள். இத்தனை வருடம் கட்டிலையே வீடு என்று இருந்த மனுஷன், பெண்டாட்டியோடு தங்கவும் கட்டிலைத்தான் தேடியிருக்கிறார். வேறு அறை கேட்டேன். இருப்பதே இரண்டு அறைதான், இரண்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கையை விரித்தாள் எத்தேரி. சரி, ஆள் வந்து சேரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.

செருப்பை வாசலில் விட்டதுதான் தப்பு. புதுமடத்தில் பள்ளிவாசலானாலும் பக்கத்து வீடானாலும் வாசலோடு கழற்றிவிடுவோம். இந்தக் குளிருக்கென்றே புது ஷூ வாங்கி வந்திருந்தேன், அதையும் அப்படியே கழற்றிவிட்டேன். காலையில் வாசலே இல்லை. எங்கு பார்த்தாலும் பனி, முழங்கால் உயரத்துக்கு. ஒரு ஷூ பனிக்குள் புதைந்து கிடந்தது. இன்னொன்றை எத்தேரியின் நாய் மாட்டுக்கொட்டிலுக்குக் கொண்டுபோய் ஷூவின் நாக்கைப் பிய்த்திருந்தது.

எத்தேரி என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். குறட்டைக்கார அம்மாவின் பெயர் மார்த்தா, போலந்துக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ். அவருக்கு ரஷ்ய மொழி தெரியும், எத்தேரிக்கும் தெரியும். மார்த்தாவின் ஆங்கிலம் என் ஆங்கிலத்தைப் போலவே நொண்டி என்பதால் எங்களுக்குள் நன்றாகப் பொருந்திப்போனது. "வெளியே விட்ட செருப்பு நாய்க்குக் கொடுத்த தானம்" என்றாளாம் எத்தேரி. அதை எனக்கு விளக்கிவிட்டு மார்த்தா தன்னுடைய மாற்று பூட்ஸை என் முன்னால் வைத்தார். என் காலுக்கு இரண்டு அளவு பெரியது. பெரியதானால் என்ன, இன்னொரு ஜோடி சாக்ஸ் போடு என்று சைகை செய்தார்.

அன்று காலையிலேயே ரோட்டை அடைத்துவிட்டார்கள். பாதி வழியில் பனியும் பாறையும் சரிந்து விழுந்திருக்கிறது என்றார்கள். எங்கள் பக்கம் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகுகளைக் கரையில் கட்டிவிட்டு ஆட்கள் அவரவர் பாட்டுக்குச் சீட்டாடப் போய்விடுவார்கள். இங்கேயும் அப்படித்தான். கீழ் அறை ஆண்கள் சீட்டுக்கட்டை எடுத்தார்கள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். ரோடு தெரிகிற வளைவுவரை போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். நாயும் என்னோடு போய்ப் போய் வந்தது. ஷூவைக் கடித்த குற்றம் அதற்கு மறந்துவிட்டது.

என் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் ஷிரின் என்று ஓர் ஈரான் நாட்டுப் பெண். முப்பது வயதிருக்கும். மோட்டார் சைக்கிளில் நாடு நாடாகப் போகிறவள். "ஸலாம்" என்று அவள் சொன்னதும் எனக்குப் பாதித் தெம்பு வந்தது. "யார் கூட வந்தே?" என்றேன். "யாரும் இல்லை" என்றாள். "வீட்டில் தெரியுமா?" என்றேன். "தெரியும். உங்கள் வீட்டில்?" என்று திருப்பிக் கேட்டாள். அந்த நேரம் பார்த்து மாமி வீடியோ காலில் வந்தார்கள். என் பின்னால் ஜன்னலும் ஜன்னலுக்கு வெளியே பனிமலையும் இருந்தன. அரக்கப்பரக்க எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு போனை எடுத்தேன்.

"எங்கன இருக்க? என்னா இம்புட்டுப் போத்திருக்க? மெட்ராஸ்ல மழையா?"

"ஆமா மாமி, கொஞ்சம் ஊதக்காத்தா இருக்கு."

"சீனி நேத்துலேர்ந்து போன் எடுக்கல. ஒனக்குப் பேசுனானா?"

"வேல ஜாஸ்தியா இருக்கும் மாமி. பேசுவாக."

மொழி விளங்காவிட்டாலும் ஷிரினுக்குச் சங்கதி விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உருண்டு சிரித்தாள். மாமியாரிடம் பொய் சொல்கிற முகம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போல.

சாப்பாட்டுக்குக் கறி இருந்தது. என்ன கறியோ என்று தயங்கினேன். எத்தேரி மூக்கைத் தூக்கி, பன்றிபோல் உறுமிக் காட்டி, அதுதான் என்றாள். அதோடு கறியை விட்டேன். மண்சட்டியில் வேகவைத்த சிவப்புப் பயறும், மண் அடுப்பின் உள்சுவரில் அப்பிச் சுட்ட ரொட்டியும்தான் எனக்கு. ருசி குறை சொல்ல முடியாது, ஆனால் உறைப்பு என்பதே இல்லை. பெட்டியிலிருந்து மாசிச் சம்பல் டப்பாவை எடுத்தேன். காய்ந்த மாசிக் கருவாட்டை மிளகாயோடு இடித்து நானே செய்தது, அவருக்காகக் கொண்டுவந்தது. ரொட்டியில் வைத்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். மார்த்தாவுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு ரொட்டியை மறுபடி நீட்டினார். நான் டப்பாவின் அடியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு மிஞ்ச வேண்டுமே என்கிற கவலை எனக்கு.

மறுநாளும் ரோடு திறக்கவில்லை. அவர் அடிவாரத்தில் ஒரு சத்திரம் போன்ற இடத்தில் தங்கியிருந்தார். அங்கேயும் கட்டில்தான் பிடித்திருந்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் போன் வந்தது.

"பரக்கத்து, தெறக்க மாட்டாக போலருக்கு. நாளன்னிக்கு எனக்கு ஃப்ளைட்டு. நான் இப்படியே திரும்பிப் போயிரவா?"

"போங்க. போயி ஒங்க கட்டில்ல படுங்க. நான் மலையப் பாத்தேன், பனியப் பாத்தேன், நாயப் பாத்தேன், புருசன மட்டும் பாக்கலன்னு ஒங்க உம்மாகிட்டச் சொல்லிக்கிறேன்."

"ஏசாத புள்ள. நான் என்னா மலையவா தள்ள முடியும்?"

"அடுத்த லீவு எப்ப?"

"ரெண்டு வருசம் ஆகும்."

போனை வைத்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு அழுகை வராது, பாத்திரம் தேய்ப்பேன். எத்தேரியின் சமையலறையில் புகையேறிக் கறுத்த சட்டிகள் வரிசையாக இருந்தன. அடுப்புச் சாம்பலை அள்ளி ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். எத்தேரி முதலில் தடுத்தாள், அப்புறம் பயந்தாள், அப்புறம் மேல் பரணிலிருந்த சட்டிகளையும் இறக்கித் தந்தாள். நான்காவது சட்டியைத் தேய்க்கையில் மார்த்தா வந்து என் கையைப் பிடித்து அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"உனக்கு யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டார். நர்ஸ் அல்லவா, நேராகவே கேட்டுவிட்டார்.

"இல்லை. உயிரோடுதான் இருக்கிறார். ரோட்டுக்கு அந்தப் பக்கம்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். குவைத்து, பெட்டி, மாமி, உச்சிப்புளி ரோடு, இரண்டு கட்டில். மார்த்தா அதை ரஷ்ய மொழியில் எத்தேரிக்குச் சொன்னார். கட்டில் விஷயம் வந்ததும் எத்தேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானைபோல் தலைத்துணியை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். அவள் மகன் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறானாம், மருமகள் இதே ஊரில்தான் இருக்கிறாளாம். நான் அதுவரை, நம் ஊரில்தான் இப்படியெல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எத்தேரிதான் வழி சொன்னாள். வண்டி போகாதே தவிர, சரிவு விழுந்த இடத்தை ஆட்கள் நடந்து தாண்டுகிறார்களாம். அந்தப் பக்கம் வண்டியில் வந்து இறங்கி, மூட்டையோடு தாண்டி, இந்தப் பக்கம் நடக்கிறார்களாம். உடனே அவருக்குப் போன் செய்தேன்.

"மச்சான், காலைல சரிவுவர வந்துருங்க. நான் இந்தப் பக்கத்துலேர்ந்து வாரேன்."

"நீ எப்புடி வருவ? பனில நடந்திருக்கியா?"

"நீங்க மட்டும் நடந்திருக்கீகளா? வாங்க."

காலையில் நானும் மார்த்தாவும் ஷிரினும் கிளம்பினோம், நாயும். சமையலறைக் கம்பு ஒன்றைக் கையில் கொடுத்தாள் எத்தேரி. மார்த்தா பனியில் எப்படி நடப்பது என்று பாடம் எடுத்தார். ஆனால் பத்தடி போனதுமே எனக்குப் பழக்கப்பட்ட நடையாகிவிட்டது. புதுமடம் கடற்கரை மணலில் தலையில் மீன்கூடையோடு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் சின்னதில் நடந்திருக்கிறேன். காலைத் தட்டையாக வைத்து, அவசரப்படாமல் அழுத்தித் தூக்க வேண்டும். நடை சரியாக இருந்தது, அவசரப்படாமல் இருப்பதுதான் முடியவில்லை. மூன்று தடவை விழுந்தேன். ஷிரின் தூக்கிவிட்டுத் தூக்கிவிட்டு, "மெல்ல, அவர் ஓடிவிட மாட்டார்" என்றாள். "ஓடிவிடுவார், நாளைக்கு ஃப்ளைட்டு" என்றேன்.

சரிவு விழுந்த இடத்தில் ஊர்க்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். மாவு மூட்டையும் கேஸ் சிலிண்டரும் கைமாறிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்து ஆட்களில் அவரைத் தேடினேன். எல்லோரும் கனத்த கோட்டுப் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் மங்கி கேப்பும் மெல்லிய ஜாக்கெட்டும் போட்டு, இரண்டு காலிலும் பாலிதீன் பைகளைச் சுற்றி ரப்பர் போட்டுக் கட்டியிருந்தார். தோளில் ஒரு சின்னப் பை. கயிறு கட்டிய பெட்டி இல்லாமல் அவர் வருவதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கயிற்றைப் பிடித்துத் தத்தித் தத்தித் தாண்டி வந்தார். என் முன்னால் வந்து நின்றார். மூக்கு சிவந்திருந்தது, பல் தந்தியடித்தது. மீசை போன தடவையைவிட நரைத்திருந்தது.

"சாப்டியா?" என்றார்.

"சாப்டேன். நீங்க?"

"டீ குடிச்சேன்."

மார்த்தா பின்னாலிருந்து, "முத்தம்! முத்தம்!" என்று இரண்டு மலைக்கும் கேட்கும்படி கத்தினார். மாவு மூட்டைக்காரர்களும் சேர்ந்துகொண்டு கத்தினார்கள். எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் அவசரமாக என் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டார், நான் அவர் பையை வாங்கிக்கொண்டேன். அதையே முத்தமாக எடுத்துக்கொண்டு அவர்கள் கை தட்டினார்கள். வழி முழுக்க மார்த்தா அவருடைய பாலிதீன் காலைப் பற்றியே கேள்வி கேட்டார். ஷிரின் குவைத்தைப் பற்றிக் கேட்டாள். நாய் அவரை மோந்து பார்த்துக்கொண்டே வந்தது. விடுதிக்கு வந்தால் எத்தேரி ரொட்டியோடும் கீழ் அறை ஆண்கள் கோப்பைகளோடும் காத்திருந்தார்கள். அவருக்குக் கறுப்பு டீ கொடுத்தார்கள். தோளில் தட்டினார்கள். சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. புதுமடத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் புருஷனைச் சுற்றி ஒரு கூட்டம்! சம்பல் டப்பாவை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன்.

அந்த நங்கென்ற சத்தம் ஷிரினுக்கு விளங்கியிருக்க வேண்டும். மேலே போனாள். திரும்பி வருகையில் அவள் கம்பளியும் தலையணையும் தோளில் இருந்தன. அவள் பின்னாலேயே மார்த்தா போய்த் தன்னுடையதை எடுத்து வந்தார். இருவரும் சமையலறை அடுப்போரம் போய் விரித்தார்கள். "எனக்கு இங்கேதான் சூடு. என் குறட்டைக்கும் இங்கேதான் இடம்" என்றார் மார்த்தா. எத்தேரி ஒரு கெண்டி டீயை என் கையில் கொடுத்து, மாடிப்படியைக் காட்டி, போ போ என்று கோழி விரட்டுவதுபோல் விரட்டினாள். நான் யார், அவர்கள் யார்? வந்து நாலு நாள் ஆகவில்லை. நன்றி சொல்லத் தோன்றவில்லை, படியேறிவிட்டேன்.

ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. ஆறு கட்டில் உள்ள அறையில் நாங்கள் இரண்டு பேர். வாசலிலேயே நின்றார்.

"எது ஒன் பெட்டு?"

"நாலாம் நம்பர். கீழ் பெட்டு."

தலையை ஆட்டிவிட்டுப் பையைத் திறந்தார். பூப்போட்ட பெட்சீட் ஒன்றை எடுத்து உதறினார். அதன் மேல் விளிம்பை மேல் கட்டிலின் மெத்தைக்கடியில் செருகத் தொடங்கினார். ஒரு சாண், அடுத்த சாண், மூலையில் ஒரு மடிப்பு. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. இருட்டில்கூடச் செய்துவிடுவார் போலிருந்தது. கீழ்க் கட்டிலை மறைத்து ஒரு திரை விழுந்தது.

"யாருக்கு மச்சான் மறைக்கிறீங்க?" என்றேன். "ரூம்ல யாருமில்லையே."

அவர் கை நின்றது. காலியாகக் கிடந்த மற்ற கட்டில்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார்.

"பழகிருச்சு புள்ள" என்றார். முகம் சுருங்கிவிட்டது. செருகியதை உருவப் போனார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இருக்கட்டும்" என்றேன். இன்னும் செருகாமல் தொங்கிக்கொண்டிருந்த மறுமுனையை எடுத்து, அவர் செய்தது போலவே மெத்தைக்கடியில் நானே செருகினேன். பிறகு திரையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மேல் கட்டில் தலையில் இடிக்காமல் குனிந்து அவரும் வந்து உட்கார்ந்தார். துணியின் பூக்களைத் தாண்டி வெயில் மஞ்சளாக வந்தது. காற்று இல்லை, வண்டிச் சத்தம் இல்லை, ஒருவரும் கூப்பிடவில்லை.

அவர் மெல்ல ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்டது. இருந்தாலும் இத்தனை வருடப் பழக்கத்தில் "என்னா?" என்றேன்.

அவர் மறுபடியும் சொன்னார்.